உயிர் முந்துமா, முன்பணம் முந்துமா?

 



இரவு பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் சாலையோரம் அடிபட்டுக் கிடந்த ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு அருகில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குள் நுழைகிறார்கள். அழுக்குக் கைலி, முழங்கால்வரை காய்ந்த சேறு, தலையில் இரத்தம். சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டும் பத்து ரூபாய்த் தாளும். தூக்கி வந்தவர்கள் யாரும் அவருக்கு உறவினர் இல்லை. கவுண்டரில் இருப்பவர் ஏற இறங்கப் பார்க்கிறார். "கூட யாரு வந்திருக்கா? இன்சூரன்ஸ் கார்டு இருக்கா? முன்பணம் யாரு கட்டுவீங்க?" பிறகு, "இங்க வசதி இல்லைங்க, தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கொண்டுபோயிடுங்க." மருத்துவர் இரண்டு அறை தள்ளித்தான் இருக்கிறார். அவர் எழுந்து வரவே இல்லை. அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அந்த மனிதர் வழியிலேயே இறந்துவிட்டால் அல்லாஹ்விடத்தில் யார் பதில் சொல்வது? கவுண்டரில் இருந்த பிள்ளையா, அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த நிர்வாகமா, எழுந்து வராத மருத்துவரா, இல்லை நாமா? மார்க்கமும் நாட்டின் சட்டமும் இதில் என்ன சொல்கின்றன? இரண்டும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

முதலில் அந்தப் பார்வையைப் பேசிவிடுவோம். காப்பீடு இல்லாதவர் என்று அவரைப் பார்த்த மாத்திரத்தில் எப்படி முடிவு செய்தார்கள்? சேற்றைப் பார்த்து. இது காவிரி நாடு. குறுவை, சம்பா, தாளடி என்று வருஷத்தில் பாதி நாள் வயலில் தண்ணீர் நிற்கிற பூமி. இங்கே பத்து வேலி நிலம் வைத்திருக்கிறவரும் வாய்க்கால் மடையைத் திறக்கப் போனால் கோவணத்தோடு சேற்றில்தான் நிற்பார். சேற்றைப் பார்த்துச் சொத்தை மதிப்பிட முடியாத ஊரில் சேற்றைப் பார்த்து உயிரை மதிப்பிடுகிறார்கள்.

அல்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான 'அபஸ' இறங்கிய காரணம் உங்களுக்குத் தெரியும். மக்காவில் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்நேரம் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து தமக்குக் கற்றுத்தரும்படி கேட்கிறார்கள். தலைவர்கள் இஸ்லாத்தை ஏற்றால் அவர்கள் பின்னால் ஒரு கூட்டமே வரும் என்ற நல்ல நோக்கத்தில்தான் நபியவர்கள் பேச்சை முறிக்க விரும்பவில்லை. முகம் ஒரு கணம் சுளித்தது. அந்த மனிதரால் அதைப் பார்க்கவும் முடியாது. அப்படியிருந்தும் அல்லாஹ் அதைக் கண்டித்து வசனம் இறக்கினான். கியாமத் நாள் வரை நாம் தொழுகையில் ஓதும்படி வைத்துவிட்டான். நல்ல நோக்கத்தில் நேர்ந்த ஒரு முகச்சுளிப்பே இவ்வளவு பெரிய விஷயம் என்றால், பணம் வராது என்ற கணக்கில் ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்புவதை எதில் சேர்ப்பது?

ஸஹீஹ் புகாரியில் இன்னொரு சம்பவம். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு வசதியானவர் அந்த வழியாகப் போகிறார். இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நபியவர்கள் கேட்கிறார்கள். பெண் கேட்டால் கொடுப்பார்கள், பரிந்து பேசினால் ஏற்பார்கள், பேசினால் காதுகொடுப்பார்கள் என்கிறார்கள் தோழர்கள். பிறகு ஓர் ஏழை போகிறார். அவரைப் பற்றி இதற்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள். முன்னவரைப் போன்றவர்களால் பூமியே நிறைந்திருந்தாலும் இந்த ஓர் ஏழை அதைவிடச் சிறந்தவர் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். கவனியுங்கள், தோழர்கள் பொய் சொல்லவில்லை. சமுதாயம் அந்த இருவரையும் எப்படி நடத்தும் என்பதை உள்ளபடி சொன்னார்கள். மருத்துவமனைக் கவுண்டரும் சமுதாயம் செய்வதைத்தான் செய்கிறது. அதனால்தான் அந்த ஒரு பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

சரி, பார்வை தவறு. காப்பீடு இருந்தால் பிழைத்துவிடுவாரா? அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதற்கு நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கு இருக்கிறது.

2001ஆம் ஆண்டு ஜனவரி 14. கல்கத்தாவில் மோட்டார் சைக்கிளில் போன பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் பஸ் மோதி விழுகிறார். நினைவோடுதான் இருக்கிறார். சாலையில் போனவர்கள் அவரை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ரூபி ஜெனரல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். அந்தப் பையனிடம் காப்பீடு இருந்தது. 65,000 ரூபாய்க்கான மெடிக்ளெய்ம் பாலிசி. அதைக் காட்டியிருக்கிறார், பணம் கட்டிவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். சிகிச்சை தொடங்குகிறது. பிறகு 15,000 ரூபாயை உடனே கட்டச் சொல்கிறார்கள். தூக்கி வந்தவர்கள் கையில் இருந்த 2,000 ரூபாயைக் கொடுக்கிறார்கள். பையனின் மோட்டார் சைக்கிளையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் சிகிச்சை நிறுத்தப்படுகிறது. ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அந்தப் பிள்ளை இறந்துபோகிறான். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2005 ஏப்ரலில் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் அட்டை இருந்தது, ஆனால் ரொக்கம் இல்லை. அட்டையை நம்ப நேரம் வேண்டும், ரொக்கத்தை எண்ணினால் போதும். 'இன்சூரன்ஸ் இருக்கா' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்க வருவது 'இப்போது பணம் வருமா' என்பதைத்தான். அதனால் 'எல்லோருக்கும் அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது' என்று நினைப்பவர்கள் இந்தப் பையனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நாட்டின் சட்டம் அதற்கு முன்பே தெளிவாக இருந்தது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கார் மோதி விழுந்தார். தூக்கிப் போனவரிடம், இது போலீஸ் கேஸ், இதையெல்லாம் பார்க்கிற மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே அவர் இறந்தார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துத் தொடுக்கப்பட்ட பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது: அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிரைக் காக்கும் கடமை எல்லோருக்கும் உண்டு, எந்த நடைமுறையும் அதற்குக் குறுக்கே வர முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவும், விபத்தில் அடிபட்டு வந்தவருக்குச் சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது பணியில் இருக்கும் மருத்துவரின் கடமை என்கிறது.

தனியார் மருத்துவமனைதான் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் விவசாயக் கூலித் தொழிலாளர் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வசதி இல்லை, படுக்கை இல்லை என்று திருப்பிவிட்டன. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 மே மாதம் வந்த தீர்ப்பில், பணமில்லை என்ற காரணத்தைச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. வங்காளத்துக் கூலித் தொழிலாளிகள் இப்போது நமக்கும் அயலார் இல்லை. தஞ்சை, திருவாரூர் பக்கம் நடவுக்கு அவர்கள் கூட்டமாக வந்து இறங்குவதை நாம் பார்க்கிறோம். அவர்களிடம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இல்லை, நம் பேச்சும் தெரியாது. அவர்களில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் எந்தக் கேள்விக்கும் அவரால் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். காப்பீடு இல்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் வண்டியிலேற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது. பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் முதலில் பரிசோதித்து, நிலையைச் சீராக்க வேண்டும் என்று 1986இல் சட்டம் போட்டுத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

இப்போது நம் ஃபிக்ஹுக்கு வருவோம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன் நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபு. அதில் உணவுகளைப் பற்றிய பாடத்தில் 'முள்தர்' பற்றிய சட்டம் வருகிறது. முள்தர் என்றால் நிர்ப்பந்தத்தில் சிக்கியவர், பசியாலோ தாகத்தாலோ உயிர் போகும் நிலையில் இருப்பவர். உணவு வைத்திருப்பவருக்கு அந்நேரம் அது அவசியத் தேவையாக இல்லை என்றால், அவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். முஸ்லிமாக இருந்தாலும் முஸ்லிம் அல்லாத குடிமகனாக இருந்தாலும் இதே சட்டம். மறுத்தால் அந்த நிர்ப்பந்தத்தில் இருப்பவர் பலவந்தமாக எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

அடுத்து வரும் வரிதான் நமக்கு முக்கியம். சும்மா கொடு என்று ஷரீஅத் சொல்லவில்லை. விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். கையில் பணம் இருந்தால் உடனே விலை, இல்லாவிட்டால் கடன். ஆக, விலை கேட்பது உரிமை. விலை வரும்வரை பொருளைப் பிடித்துவைப்பதுதான் ஹராம். உயிர் முதலில், விலை பிறகு. ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் திமிஷ்கில் எழுதப்பட்ட ஒரு சட்ட நூல், ஒரு மருத்துவமனைக் கணக்காளர் இன்று கேட்கக்கூடிய கேள்விக்குப் பதிலை அவ்வளவு நறுக்காக வைத்திருக்கிறது.

உணவும் சிகிச்சையும் ஒன்றா என்று ஓர் ஆலிம் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மருந்து சாப்பிடுவது பொதுவாகக் கட்டாயம் இல்லை, சுன்னத்துதான் என்பது ஷாஃபிஈ இமாம்களின் கருத்து. காரணம், மருந்து பலிக்கும் என்பது உறுதியில்லை. அந்த இடத்திலேயே இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்கள் துஹ்ஃபாவில் ஒரு நுணுக்கம் சொல்கிறார்கள். இரத்தம் எடுப்பதற்காகக் கீறிய இடத்தைக் கட்டுவது கட்டாயம். ஏனென்றால் கட்டினால் இரத்தம் நிற்கும் என்பது உறுதி. அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் அரை மணி நேரத்தில் செய்வதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். இரத்தத்தை நிறுத்துவது, மூச்சுக்குழாயை அடைப்பில்லாமல் வைப்பது, டிரிப் ஏற்றுவது, நஞ்சு ஏறியவருக்கு விஷமுறிவு மருந்து கொடுப்பது. நாள்பட்ட வியாதிக்கான வைத்தியத்தைப் பற்றி அந்த இமாம்கள் சொன்னதை இதற்குப் பொருத்தக் கூடாது.

மறுத்தால் என்ன தண்டனை? இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் அல்முக்னியில் ஒரு தீர்ப்பைக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் சில வீடுகளுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை, அவர் இறந்துவிட்டார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவருடைய உயிருக்கான திய்யத்தை, இழப்பீட்டை, அந்த வீட்டார் மீது விதித்தார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை, வெட்டவில்லை, தொடவே இல்லை. தண்ணீர் கொடுக்காததற்கு உயிர் விலை. 2005இல் வந்த 10 லட்சம் ரூபாய்த் தீர்ப்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சம்பிரதாயத்தைப் பற்றியும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்துவிட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிடுகிறது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அந்த மக்கள்தாம் அவரைக் கொன்றார்கள் என்று கடும் கோபம் கொண்டார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த விதியைத்தான் சொன்னார்கள். விதியைச் சொன்னேன், அது என் வேலை என்ற பதில் அங்கே எடுபடவில்லை. 'மேனேஜ்மென்ட் ரூல் சார்' என்பதும் அப்படித்தான்.

மருத்துவமனை நடத்துகிறவர்களின் பக்கத்தையும் நியாயமாகக் கேட்போம். இந்த ஜமாஅத்திலேயே மருத்துவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ இருபது படுக்கையோடு ஒரு மருத்துவமனை நடத்துவது சுலபமில்லை. வங்கிக் கடன், நர்சுகள் சம்பளம், மருந்து விநியோகஸ்தர் பாக்கி. தலைக்காயத்துக்கு வேண்டிய நிபுணர் உங்களிடம் இல்லாமலும் இருக்கலாம். வசதி இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு உயிரை விடுவது அதைவிடப் பெரிய தவறு. அனுப்பத்தான் வேண்டும். எப்படி அனுப்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இரத்தத்தை நிறுத்தி, மூச்சைச் சரிசெய்து, என்ன கொடுத்தோம் என்று எழுதி, அங்கே போன் போட்டுச் சொல்லி, 108 வண்டியில் ஏற்றி அனுப்புவது ஒன்று. வாசலிலேயே கையைக் காட்டிவிடுவது வேறொன்று. முதல் வகைக்கு ஆகிற செலவு சில ஆயிரங்களைத் தாண்டாது. பணம் பறிபோகிற பயத்தைவிட, செத்துவிட்டால் கூட்டம் வந்து கண்ணாடியை உடைக்கும் என்ற பயமே பல மருத்துவர்களைத் தடுக்கிறது. அது பொய்யான பயமும் இல்லை. நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் போய் நிற்கிறார்கள். கல்லெறியக் கூட்டம் சேர்க்கிற ஊரில் எந்த மருத்துவர் துணிந்து ஒரு முன்பின் தெரியாதவரின் மேல் கைவைப்பார்?

இன்னொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. கட்ட வசதி இருந்தும், ஏழை என்று சொல்லிக் குறைத்துக்கொள்வது, டிஸ்சார்ஜ் ஆகாமலே இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவது. ஷஹீதின் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. முள்தருக்கு ஷரீஅத் கொடுத்தது கடன் வாங்கும் உரிமை, ஏமாற்றும் உரிமை அல்ல. இவர்களில் ஒருவர் செய்வதற்கு, அடுத்த மாதம் உண்மையிலேயே இல்லாமல் வருகிறவர் விலை கொடுக்கிறார்.

நம் மாநிலத்தில் இப்போது என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் 18 முதல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கியது, பின்னர் இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 மே மாதம் மத்திய அரசும் சாலை விபத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாட்களுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது. ஆகவே விபத்தில் சிக்கியவரைத் தூக்கிப் போகும்போது, 'நம்மைக் காக்கும் 48 இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறதா' என்று நீங்கள் கேளுங்கள். தூக்கிப் போனவரிடம் பணம் கேட்கவோ, அவரைப் பிடித்து வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகளும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் அதற்குத்தான்.

ஆனால் இவை சாலை விபத்துக்கு. நம் வயல்காட்டில் உயிர் போவது சாலையில் மட்டுமா? களை எடுக்கும்போது பாம்பு கடிக்கிறது. வைக்கோல் போரில் கை வைத்தால் கடிக்கிறது. மார்வலி வருகிறது. பூச்சிமருந்து அடித்தவர் மயங்கி விழுகிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உண்டு. பெரிய அறுவைச் சிகிச்சைகளில் எத்தனையோ குடும்பங்களை அது கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், ஒப்புதல் வாங்கித்தான் அது செல்லும். பட்டியலில் இல்லாத பக்கத்து மருத்துவமனையின் வாசலில் நடுராத்திரியில் அந்த அட்டை வெறும் அட்டைதான். பாம்புக்கடி என்றால் தயங்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே காசில்லாமல் கிடைக்கும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருக்கிறது.

அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்வது வாய்க்கு எளிது. அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அறுபது கிலோமீட்டர் போல ஆகிறது. 1959இல் அந்தக் கல்லூரி வந்தது. அதற்குப் பிறகு பழைய தஞ்சை மாவட்டத்தில் அடுத்த அரசு மருத்துவக் கல்லூரி திருவாரூரில் 2010இல்தான் வந்தது. நாகப்பட்டினத்துக்கு 2022இல். அரை நூற்றாண்டு காலம் டெல்டா முழுவதும் ஒரே வாசலை நோக்கி ஓடியது. அந்தத் தூரத்தைத் தாங்கும் வரை உயிரைப் பிடித்து வைக்கும் கடமை, நடுவழியில் இருக்கும் தனியார் மருத்துவமனைகள் மீது விழுகிறது. 'மெடிக்கலுக்குக் கொண்டுபோ' என்ற சொல் சிலருக்கு வழிகாட்டல், சிலருக்கு மரண தண்டனை. எது எது என்று அறிய, அந்த மருத்துவர் எழுந்து வந்து ஒரு தடவை நாடி பிடித்துப் பார்த்தாக வேண்டும்.

கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையின் வக்ஃபில் அரசன், குடிமகன், ஆண், பெண், சுதந்திரமானவர், அடிமை என்று எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது என வரலாற்றில் படிக்கிறோம். அங்கே கவுண்டரில் அந்தக் கேள்வி எழவில்லை என்றால், அங்கிருந்தவர்கள் எல்லோரும் அவ்லியாக்கள் என்பதால் அல்ல. செலவுக்கு வேண்டியதை முன்கூட்டியே ஒருவர் வக்ஃபு செய்து வைத்திருந்தார். நம் தஞ்சாவூரிலும் ராஜா மிராசுதார் மருத்துவமனை என்ற பெயரிலேயே யார் கொடுத்தார்கள் என்பது இருக்கிறது. அரச குடும்பமும் மிராசுதார்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொடுத்த கொடையில் எழுந்தது அது. இன்றும் அங்கே ஏழைப் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள்.

நாம் என்ன கொடுத்து வைத்திருக்கிறோம்? ஓர் உயிரைக் காப்பதன் மதிப்பைச் சொல்லும் அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆவது வசனத்தை ஒவ்வொரு இரத்ததான முகாமின் பேனரிலும் போடுகிறோம். நல்ல விஷயம். நம் இளைஞர்கள் நள்ளிரவில் எழுந்து போய் இரத்தம் கொடுக்கிறார்கள். இரத்தம் கொடுக்கிற ஊரால் பணத்துக்குப் பொறுப்பேற்க முடியாதா?

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் என்றார்கள். விட்டுச்சென்ற சொத்தும் இல்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று நபியவர்கள் ஒதுங்கினார்கள். அபூகதாதா (ரலி) எழுந்து, அவர் கடன் என் பொறுப்பு என்றார்கள். நபியவர்கள் தொழவைத்தார்கள். இது புகாரியில் இருக்கிறது. பிறகு வசதி வந்தபோது, கடனோடு இறப்பவரின் கடனை நபியவர்களே தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். இதில் இரண்டு விஷயம் என் மனதைத் தொடுகிறது. கடன் இருக்கிறதா என்ற கேள்வி அங்கே ஜனாஸாவின் முன்னால் கேட்கப்பட்டது, உயிருக்குப் போராடுபவரின் முன்னால் அல்ல. இன்னொன்று, 'என் பொறுப்பு' என்ற ஒரு சொல்லை நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பணத்தை அங்கேயே வை என்று சொல்லவில்லை. கல்கத்தாவில் மோட்டார் சைக்கிளை வைத்துக்கொள்ளச் சொன்ன அந்தத் தெருமக்கள் அபூகதாதாவின் வேலையைத்தான் செய்தார்கள். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

எனவே ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் என்று எந்த ஊர் ஜமாஅத்தாக இருந்தாலும் இதைச் செய்ய முடியும். பக்கத்து மருத்துவமனைகளோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். இரவில் யாரையாவது தூக்கி வந்தால், முதல் ஒரு மணி நேரச் செலவுக்கு பைத்துல்மால் பொறுப்பு, இத்தனை ரூபாய் வரை என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு பேர் தொலைபேசி எண் கவுண்டரில் ஒட்டியிருக்கட்டும். கொண்டுவரப்பட்டவர் எந்த மதம் என்று கேட்க வேண்டாம். நம் வயலில் நடுகிற பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் இல்லை. இமாம் நவவி சொன்ன சட்டத்தில் அந்த வேறுபாடு இல்லை என்று மேலே பார்த்தோம். மருத்துவமனை உரிமையாளர்களும் தங்கள் பங்குக்கு, முதல் அரை மணி நேரத்தில் பணம் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கவுண்டர் பிள்ளைகளுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தப் பிள்ளைகள் பழையபடியே கேட்பார்கள்.

இதற்கு ஜகாத் பணத்தைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரைச் சொல்லும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தில் கடனாளியும் ஒருவர். சிகிச்சை முடிந்து பில்லைக் கட்ட வழியில்லாமல் நிற்கும் முஸ்லிம் அந்த வகையில் வருவார். பணத்தை அவர் கையில் கொடுக்கலாம். அவர் சொல்லி, அவர் சார்பில் நேரடியாக மருத்துவமனையிலும் கட்டலாம். மருத்துவமனையோடு செய்துகொள்ளும் பொதுப் பொறுப்புக்கும், முஸ்லிம் அல்லாத சகோதரர்களுக்கும் ஸதகாவிலிருந்து தனியாக ஒரு கணக்கு வையுங்கள். ஜகாத்தை முஸ்லிம்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து, ஸதகாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டாம். கடன்பட்டவர் உயிரோடு இருக்கும்போதுதான் இந்த வழி. ஹனஃபி மத்ஹபில், அவர் இறந்துவிட்டால் அவருடைய மருத்துவமனை பாக்கியை ஜகாத்திலிருந்து கட்ட முடியாது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.